ஆற்றங்கரை விடுதி ஊருக்குத் தர வேண்டிய பங்கு

காவிரியும் அதன் கிளைகளான அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு ஆகியவையும் பாயும் ஊர்களில், பத்துப் பதினைந்து அறைகள் கொண்ட சிறு விடுதிகள் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. முற்றம் வைத்த பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பித்தோ, கரையோரத் தென்னந்தோப்பைத் திருத்தியோ கட்டப்படும் இவற்றைச் சுற்றுலாத் தொழிலில் ‘பூட்டிக் ஹோட்டல்’ என்கிறார்கள். நகரத்து நட்சத்திர ஹோட்டலில் கிடைக்காத ஊர் வாழ்க்கை இங்கே கிடைக்கும் என்பதுதான் இவற்றின் விளம்பரம். ஊர் வாழ்க்கையைக் காட்டி வாடகை வாங்கும் விடுதி அந்த ஊருக்கு என்ன தருகிறது என்று கேட்டால், உரிமையாளரின் நல்ல மனசைப் பொறுத்தது என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கிறது. அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள முடியாது. ஆற்றங்கரை விடுதி ஊருக்குச் செய்வது தானமாக இருக்கக் கூடாது. அது கொடுத்தே ஆக வேண்டிய பங்கு. முன்கூட்டியே எழுதி வைத்து, ஆண்டுதோறும் ஊரார் முன் கணக்குக் காட்ட வேண்டிய பங்கு.

இப்படிச் சொல்வதற்குக் காரணம், அந்த விடுதி விற்கும் பொருளின் தன்மை. அதே கட்டடத்தை, அதே கட்டிலோடும் குளிர்சாதனத்தோடும் புறவழிச்சாலை ஓரத்தில் கட்டினால் பாதி வாடகைக்குக்கூட ஆள் வருவது சந்தேகம். மீதி வாடகை ஆற்றுக்கும் ஊருக்கும் கிடைக்கும் விலை. படித்துறையை ஊரார் கட்டினார்கள். வாய்க்காலைத் தலைமுறை தலைமுறையாகக் குடிமராமத்தில் தூர் வாரினார்கள். சுவாமிமலைச் சிற்பிகள் காவிரியின் வண்டல் மண்ணைக் கொண்டு அச்செடுத்துச் செப்புத்திருமேனிகளை வார்க்கிறார்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். ஆடிப்பெருக்கன்று கரையில் கூடும் பெண்களை எந்த விடுதியும் அழைத்து வரவில்லை. விருந்தினர் பார்க்க வருவது இவை அனைத்தையும்தான். முதலாளி போட்ட முதல் கட்டடத்துக்கு. மற்ற முதல் எல்லாம் ஊர் போட்டது. கூட்டு வியாபாரத்தில் முதல் போட்டவருக்கு லாபத்தில் பங்கு உண்டு என்பதை யாரும் தர்மக் கணக்கில் எழுதுவதில்லை.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் குலுவுக்கும் மணாலிக்கும் இடையே பியாஸ் ஆற்றங்கரையில் ஸ்பான் என்ற உல்லாச விடுதி வனநிலத்தைக் குத்தகைக்குப் பெற்று விரிந்தது. 1995-ல் வெள்ளம் பெருகி ஆறு தடம் மாறி விடுதியின் நிலத்துக்குள் புகுந்தபோது, இயந்திரங்களைக் கொண்டு ஆற்றின் போக்கையே திருப்பும் வேலையில் விடுதி நிர்வாகம் இறங்கியது. எம்.சி.மேத்தா எதிர் கமல்நாத் என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு, கரை, காடு போன்றவை மக்களுக்கு உரியவை. அரசு அவற்றின் பொறுப்பாளர் மட்டுமே. தனியாரின் வணிக லாபத்துக்காக அவற்றைத் தூக்கிக் கொடுக்க அரசுக்கு உரிமையில்லை என்று அந்தத் தீர்ப்பு அறுதியிட்டது. குத்தகை ரத்தானது. கெடுத்த இடத்தைச் சீராக்கும் செலவு விடுதியின் தலையில் விழுந்தது. 2002-ல் மேலும் 10 லட்சம் ரூபாய் கட்டும்படி உத்தரவானது. பொதுச்சொத்தைக் காத்து நிற்கும் இந்தப் பொறுப்பாண்மைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது ஓர் ஆற்றங்கரை விடுதியின் வழக்கில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நீதிமன்றத்தின் வழி உறுதியானது. ஆனால் மிக நீளமானது. கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தின் வேம்பநாட்டுக் காயலில் உள்ள நெடியதுருத்துத் தீவில் 54 வில்லாக்களோடு ஓர் உல்லாச விடுதி எழுந்தது. தங்கள் ஊன்றுவலைகளுக்கான இடம் பறிபோனதை எதிர்த்து முறையிட்டவர்கள் அங்கே மீன்பிடித்து வாழ்ந்தவர்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிய கட்டுமானம் என்று 2013-ல் கேரள உயர் நீதிமன்றமும், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டன. இடிக்கும் வேலை தொடங்கியது 2022 செப்டம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் மீனவருக்கு வலை வீசும் இடம் கிடைக்கவில்லை. முதலீட்டாளருக்குப் போட்ட பணம் திரும்பவில்லை. இடிபாடுகளை அகற்றும் சுமை காயலுக்கும் வந்தது. முதல் செங்கல் வைக்கும் முன்பே கரையில் தொழில் செய்பவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். ஊரோடு உடன்படிக்கை செய்துகொள்வது முதலாளிக்கும் காப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று ஊர்ப்பணி என்ற பெயரில் சிறு விடுதிகள் செய்பவை என்ன? அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம், ஆண்டில் ஒருநாள் படித்துறையைச் சுத்தம் செய்வது, பொங்கலன்று விருந்தினர் கண்டுகளிக்கக் கோலப்போட்டி. இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் லாபம் குறைந்த ஆண்டில் முதலில் நின்றுபோவது இவைதான். எதைக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே தீர்மானிப்பதால், கழிவுநீர்க் குழாயை வாய்க்காலில் விட்டுக்கொண்டே பள்ளிக்கு மின்விசிறி வாங்கித் தரவும் முடியும். பெற்றுக்கொள்ளும் ஊர் நன்றி சொல்லலாமே தவிர கேள்வி கேட்க முடியாது. உண்மையான அளவுகோல் வேறு. விருந்தினர் கொடுக்கும் நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் அந்த வட்டாரத்திலேயே தங்குகிறது? முன்பதிவு இணையதளத்துக்குத் தரகு போகிறது. அரிசியும் காய்கறியும் நகரத்து மொத்த வியாபாரியிடமிருந்து லாரியில் வருகின்றன. மேலாளரும் சமையல்காரரும் வெளியூர்க்காரர்கள். ஊரில் மிஞ்சுவது காவலாளியின் சம்பளமும், பாத்திரம் துலக்கும் பெண்ணின் கூலியும் என்றால், கோலப்போட்டியை வைத்து அந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது.

இந்தக் கணக்கை மாற்றிக் காட்டிய இடம் கோட்டயம் மாவட்டத்தின் குமரகம். மீனச்சில் ஆறு வேம்பநாட்டுக் காயலில் சேரும் பகுதியில் இருக்கும் அந்த ஊரில் விடுதிகள் பெருகியபோது, ஊராருக்கும் விடுதிகளுக்கும் உரசல் வலுத்தது. நிலம் கைமாறியது, வயல்கள் தரிசாயின, காயல் கரைக்குப் போகும் வழிகள் அடைபட்டன. கேரள அரசு 2007-08-ல் குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் ‘பொறுப்புச் சுற்றுலா’த் திட்டத்தைத் தொடங்கியபோது, குமரகத்தில் கிராமப் பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் முன்னால் நின்றன. மகளிர் குழுக்கள் காய்கறி பயிரிட்டன. விடுதிகள் அவற்றை வாங்க ஒப்புக்கொண்டன. விலையை ஒரு குழு கூடி முடிவு செய்தது. கயிறு திரிப்பது, தாழை ஓலையில் பாய் முடைவது, கள் இறக்குவது ஆகியவற்றைப் பார்க்க வரும் விருந்தினர், அந்த வேலையைச் செய்யும் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. இந்த முயற்சிக்காக ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருது கேரளத்துக்குக் கிடைத்தது. 2017-ல் இதற்கென்றே மாநில அளவில் தனி இயக்கத்தை அரசு அமைத்தது.

விருதைவிட முக்கியம் அந்த ஏற்பாட்டின் உள்வேலை. விடுதி தனித்தனி விவசாயியிடம் பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் விலையை வாங்குபவரே நிர்ணயித்திருப்பார். விற்பவர்கள் குழுவாக வந்தார்கள், விலை பேச ஒரு மேடை இருந்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து நடுவில் நின்றது. இந்த மூன்றுக்கும் வேண்டிய அடித்தளம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தருமபுரியில் 1989-லேயே தொடங்கிவிட்டன. 1998-ல் பிறந்த குடும்பஸ்ரீக்கு இவை மூத்தவை. டெல்டாவில் பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்துப் பயிரிடும் உழவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் கருப்புக் கவுனிக்கும் நல்ல விலை தரக்கூடிய வாடிக்கையாளர், அதே ஆற்றங்கரையில் காலைப் பலகாரத்துக்குக் காத்திருக்கிறார். இரண்டையும் இணைக்கும் கை மட்டும் இல்லை.

ஊர்த் தொழில்களோடு விடுதிக்கு இருக்க வேண்டிய உறவுக்கு நர்மதைக் கரையிலுள்ள மகேஸ்வரம் நல்ல உதாரணம். பதினெட்டாம் நூற்றாண்டில் அகல்யாபாய் ஹோல்கர் தலைநகராக்கிய ஊர் அது. அங்கு நலிந்துபோன கைத்தறியை மீட்பதற்காக ஹோல்கர் வழிவந்தவர்கள் 1970-களின் இறுதியில் ரேவா என்ற நெசவாளர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதே குடும்பம் கோட்டையின் ஒரு பகுதியைச் சிறு விடுதியாக்கியது 2000-ல்தான். இந்த முன்பின் வரிசையில் பாடம் இருக்கிறது. விடுதி வருவதற்கு முன்பே தறி தன் காலில் நின்றது. மகேஸ்வரிச் சேலைக்கு நாடு முழுவதும் சந்தை இருந்தது. விருந்தினர் வாங்குவது அதற்கு மேல் கிடைக்கும் வரவு. விடுதி நாளைக்கே மூடினாலும் தறி ஓடும். டெல்டாவிலும் திருபுவனம் பட்டுக்கோ நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கோ விடுதி ஒரு கூடுதல் வாடிக்கையாளராக இருக்க வேண்டும். தொழிலாளியைக் காட்சிப்பொருளாக உட்கார வைக்கும் முதலாளியாக அது ஆகிவிடக் கூடாது. மகேஸ்வரத்தின் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். அங்கே இது ஒரு குடும்பத்தின் ஈடுபாட்டால் நடந்தது. எல்லா ஊருக்கும் அப்படி ஒரு குடும்பம் வாய்க்காது. அதனால்தான் நல்ல மனசை நம்பாமல் ஏற்பாட்டை நம்ப வேண்டியிருக்கிறது.

ஏற்பாடு இல்லாமல் ஊர் வாழ்க்கையை விற்றால் என்ன ஆகும் என்பதை லாவோஸின் லுவாங் பிரபாங் காட்டுகிறது. மீகாங், நாம் கான் ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கும் அந்தப் பழைய நகரம் 1995-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டன; ஆனால் வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாயின. நல்ல விலை கிடைத்ததால் குடும்பங்கள் வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ நகரத்தின் ஓரத்துக்குப் போயின. விடியற்காலையில் பிக்குகள் வரிசையாக வந்து அன்னம் பெறும் வழக்கம் அந்த நகரத்தின் உயிர்நாடி. சோறு இடும் குடும்பங்கள் குறைந்த தெருக்களில், கேமராவோடு நிற்கும் சுற்றுலாப் பயணிகள் பெருகினார்கள். யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விடுதியும் அழகானது, ஒவ்வொரு விற்பனையும் நியாயமானது. ஆனால் எல்லாம் கூடியபோது, விருந்தினர் எதைப் பார்க்க வந்தார்களோ அதுவே தேய்ந்துபோனது. கும்பகோணம் அக்ரகாரங்களுக்கும் திருவையாற்றுத் தெருக்களுக்கும் இது நாளைய ஆபத்து. ஒரு தெருவில் எத்தனை வீடுகள் விடுதியாகலாம் என்பதில் ஊருக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்று கேட்பது வளர்ச்சிக்கு விரோதமல்ல.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, சிறு விடுதிக்கு இந்தச் சுமை தாங்காது என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. டெல்டாவில் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அறைகள் காலியாகக் கிடக்கும். மாதச் சம்பளம் நிற்காது. ஆனால் கேட்கப்படும் பங்கில் பெரும்பகுதி கூடுதல் செலவே அல்ல. அரிசி, பால், காய், பூ, வெற்றிலை எல்லாம் எப்படியும் வாங்க வேண்டியவை. யாரிடம் வாங்குவது என்பதுதான் மாறுகிறது. படித்துறைக்குப் போகும் வழியை அடைக்காமல் விடுவதற்குக் காசு செலவில்லை. உண்மையில் செலவு வைப்பது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஒன்றுதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-ல் செய்த வகைப்பாட்டில், கொதிகலன் இல்லாத, 20 அறைகளுக்கு உட்பட்ட ஹோட்டல்கள் மாசு குறைந்த பச்சைப் பிரிவில் வந்தன. நகரத்துப் பாதாளச் சாக்கடையில் இணைந்த விடுதிக்கு அது பொருந்தலாம். மணற்பாங்கான ஆற்றங்கரையில் கழிவுநீர்த் தொட்டி கட்டி, அதே நிலத்தடி நீரைக் குடிக்கும் ஊருக்கு நடுவே இயங்கும் விடுதிக்குப் பொருந்தாது. இந்த ஒரு செலவுக்கு அரசு கைகொடுக்கலாம். தமிழ்நாடு அரசு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் முதலீட்டாளருக்கு ஊக்கச் சலுகைகள் இருக்கின்றன. ஆற்றங்கரை விடுதிகளுக்கு அவை சுத்திகரிப்பையும் உள்ளூர்க் கொள்முதலையும் நிபந்தனையாக்கித் தரப்பட வேண்டும்.

இரண்டாவது, தரமும் ஒழுங்கும் உள்ளூரில் கிடைக்காது என்பது. இன்று ஐம்பது முட்டை, நாளை ஒன்றுமில்லை என்றால் சமையற்கூடம் நடக்காது; உண்மைதான். குழுவாக விற்பதும், பருவத்துக்கு முன்பே பேசி வைப்பதும் அதற்குத்தான். விடுதியும் தன் பங்குக்கு மாற வேண்டியிருக்கும். ஆடியில் விளையாத காயை ஆடியில் கேட்பதை விட்டுவிட்டு, விளைவதைச் சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஊர்ச் சாப்பாடு என்று சொல்லி விற்பவர்களுக்கு அது பெருமையாகத்தான் இருக்க வேண்டும். வேலைவாய்ப்பிலும் இதே வாதம் எழுகிறது: பயிற்சி பெற்ற ஆள் ஊரில் இல்லை. திருச்சி துவாக்குடியிலேயே அரசின் உணவக மேலாண்மைப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வரவேற்பறைக்கும் சமையற்கூடத்துக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளை அனுப்பிப் படிக்க வைத்து எடுத்துக்கொள்வது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியூர் ஊழியர் ஓடிப்போவதைவிட விடுதிக்கு லாபம்.

மூன்றாவது வாதம் கூர்மையானது. புதிதாக ஒரு விதி போட்டால் புதிதாக ஒரு லஞ்சக் கதவு திறக்கும். ஏற்கெனவே ஒரு விடுதி திறக்க எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கிறது என்கிறார்கள். அதனால்தான் இங்கே இன்னொரு அனுமதி கேட்கப்படவில்லை, கணக்கு கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டில் கிராமசபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு ஆறு முறை நடக்கின்றன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். ஆற்றங்கரையில் இயங்கும் ஒவ்வொரு விடுதியும் அன்று ஒரு பக்க அறிக்கையை ஊரார் முன் வாசிக்கட்டும். எவ்வளவு கொள்முதல் வட்டாரத்துக்குள் நடந்தது, உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் எந்தெந்த வேலையில் இருக்கிறார்கள், எத்தனை லிட்டர் நீர் எடுக்கப்பட்டது, கழிவுநீர் எங்கே போனது என்ற நான்கு விவரம் போதும். கோப்பை நிறுத்தி வைக்க எந்த அதிகாரிக்கும் இதில் இடமில்லை. பொய்யாக எழுதினால் பால் ஊற்றுபவரும் கழிவுநீர் லாரி ஓட்டுபவரும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசி வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. ஊர், ஊர் என்கிறீர்களே, யாருடைய ஊர் என்ற கேள்வி அது. டெல்டாவின் ஆற்றங்கரைகள் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்ட கரைகள். ஊருக்கான பங்கு என்று ஒரு தொகையைத் தூக்கிக் கொடுத்தால் அது கோயில் திருப்பணிக்கும் பெரிய மனிதர் வீட்டுக்கும் போய்விடலாம். கரையில் துணி வெளுப்பவருக்கும், ஓடத்தில் மீன் பிடிப்பவருக்கும், நிலமில்லாத கூலித் தொழிலாளிக்கும் வந்து சேராது. இது பங்கைக் கைவிடுவதற்கான காரணமாகாது. எந்த வடிவில் தருவது என்பதைத் தீர்மானிக்க உதவும் காரணம். மொத்தமாக நன்கொடை கொடுப்பதைவிட, கொள்முதலாகவும் சம்பளமாகவும் பிரித்துக் கொடுப்பது அடித்தட்டுக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். மகளிர் குழுவுக்கான பணம் குழுவின் வங்கிக் கணக்கில் விழுகிறது. உடன்படிக்கை எழுதும்போது கரையைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோரின் பட்டியலை முதலில் எடுத்து, அவர்கள் ஒப்பாமல் எதுவும் நடக்காது என்று வைத்தால், பஞ்சாயத்துத் தலைவரும் முதலாளியும் தமக்குள் பேசி முடிப்பதற்கு ஒரு கடிவாளம் விழும்.

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. அதை எதிர்பார்த்து இப்போதே கரையோர மனைகளுக்கு விலை பேசுவார்கள், பழைய வீடுகளைத் தேடி வருவார்கள், சலுகை கேட்டு விண்ணப்பிப்பார்கள். விடுதி எழுந்து, மதில் சுவர் வந்து, வழி அடைபட்ட பிறகு பேசினால் வழக்குதான் மிஞ்சும். கட்டும் முன்பு பேசினால் உடன்படிக்கை கிடைக்கும். எனவே சுற்றுலாத் துறை செய்ய வேண்டிய முதல் வேலை, ஆற்றங்கரை விடுதிக்குச் சலுகை தரும் ஒவ்வொரு கோப்பிலும் கிராமசபை முன் கையெழுத்தான ஒரு பங்கு உடன்படிக்கையை இணைக்கக் கேட்பது. கரையோரப் பஞ்சாயத்துகள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. படித்துறைகள், நடைவழிகள், ஓடத்துறைகள் ஆகியவற்றின் பட்டியலை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளலாம். எழுதி வைத்த ஊரிடம் பேரம் பேச வருகிறவர், ஊரை உரிமையுள்ள பங்காளியாகக் கருதித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும்.